மூன்று சக்கர ஜீப்பும் ஓர் எலுமிச்சம்பழமும்

மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்த ஜகந்நாதனுக்குப் பதினொரு லாரிகள், நான்கு மோட்டார் கார்கள், ஒரு தீயணைப்பு வண்டி ஆகியவை சொந்தமாக இருந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் டிரைவர் வேலைக்கு மனுப் போட வேண்டாம். அத்தனை வண்டிகளும் முன் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியின் இரண்டு தட்டுகளில் அடங்கிவிட்டன. மூன்றாவது தட்டில் ஊறுகாய் ஜாடிகள் இருந்தன. அவற்றை வெளியேற்ற ஜகந்நாதன் ஆறு வருஷமாக நடத்திய பேச்சுவார்த்தைகள் எதுவும் பலிக்கவில்லை.

சக்கரம் வைத்த எதையும் அவருக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூட விட்டதில்லை. ரயில்வே ஆபீஸில் ஸ்டோர்ஸ் பிரிவில் குமாஸ்தா. தினமும் மூன்றாம் வகுப்பில், ஒரு கையில் குடையும் மறு கையில் அடுத்தவர் தோளுமாக நின்றுகொண்டே போய் வருகிறவர். பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும்.

அந்த வண்டிகளைப் பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சிவந்துவிடும். பொம்மை வாங்குகிறவன் வண்டியை வாங்குகிறான். ஜகந்நாதன் பெட்டி வாங்குவார். பெட்டியின் மேலே பளபளவென்று லாரிப் படம் இருக்கும். திறந்தால் ஒரு மரக்கட்டை, ஒரு வரைபடம், நாலு சக்கரம். படத்துக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தை வாங்கியவர் கத்தியும் அரமும் உப்புக்காகிதமுமாகத் தன் சொந்தச் செலவில் கடக்க வேண்டும். ஒரு லாரிக்கு இரண்டு மாசம் பிடிக்கும். அதற்குப் பிறகும் அது கொஞ்சம் சோப்புக்கட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் அளவு பிசகாது.

"அசல் லாரியிலே நாப்பதிலே ஒரு பங்காக்கும் இது. ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது" என்று மனைவி பாகீரதியிடம் சொல்வார்.

"சம்பளத்தையும் அந்தக் கணக்கிலேதான் சுருக்கிக் கொண்டு வரேளோ" என்பாள் பாகீரதி.

பெட்டி வாங்குவதில் அவர் கடைப்பிடித்த சாஸ்திரம் ஒன்று உண்டு. வேண்டிய சாமானைக் கடைக்காரனிடம் கேட்கவே கூடாது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் கோட்டைப் பக்கம் ஒரு பார்சி கடைக்குப் போய், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்பு மை இருக்கிறதா என்று விசாரிப்பார். மையின் நிறத்தைப் பற்றிக் கால் மணி நேரம் சந்தேகம் கேட்பார். கிளம்பும்போது, ஏதோ காலில் தட்டுப்பட்டதுபோல, "அது என்ன பெட்டி?" என்பார். ஆசை வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது அவர் சித்தாந்தம். கடைக்காரக் கிழவர் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஜகந்நாதன் படியேறும்போதே புதுப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, பக்கத்தில் மைக்குப்பியையும் வைக்கத் தொடங்கினார். சித்தாந்தத்தில் ஓட்டை விழுந்திருப்பதாக ஜகந்நாதனுக்குத் தோன்றவில்லை. வீட்டில் மட்டும் பதினாறு குப்பி மை சேர்ந்திருந்தது.

ஜகந்நாதன் பொறாமைக்காரர் அல்லர். இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரின் எதிர் வீட்டுக்கு நாற்பத்தேழாம் வருஷக் கடைசியில் அனந்தகிருஷ்ணன் குடிவந்தார்.

அனந்தகிருஷ்ணனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம், பூர்விகம் கும்பகோணம், வீட்டில் ரேடியோ. ஜகந்நாதன் முதல் இரண்டையும் மன்னித்தார். ரேடியோவையும் மன்னிக்கும் நிலையில்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு அழைக்கப்பட்டுப் போனபோது அந்த ரேடியோவின் மேல் ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தார்.

"பந்தயக் கார்" என்றார் அனந்தகிருஷ்ணன். "என் மச்சினன் கப்பல் கம்பெனியிலே இருக்கான். லண்டன்லேர்ந்து கொண்டுவந்தான். உமக்கும் இந்தப் பைத்தியம் உண்டாமே? மூடியைத் திறந்து பாரும். மரமே கிடையாது. பூரா பிளாஸ்டிக்."

திறந்தார். உள்ளே செக்கச்செவேலென்று, காரின் ஒவ்வொரு அங்கமும் தனித்தனியாக, முருங்கைக்கீரை காம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் சக்கரம் தனி. டிரைவர் தலை தனி. டிரைவருக்கு மூக்குக்கூட இருந்தது.

"செதுக்க வேண்டாமா?" என்று கேட்டார் ஜகந்நாதன்.

"எதுக்குச் செதுக்கணும்? ஆய்ஞ்சு எடுத்து ஒட்டினா ஆச்சு. பசையும் உள்ளேயே இருக்கு பாரும்."

"எப்போ ஒட்டப் போறேள்?"

"ஒட்டறதாவது. ஒட்டிட்டா அது வெறும் கார் ஓய். ஒட்டாத வரைக்கும்தான் அது லண்டன் பெட்டி."

ஜகந்நாதன் வீட்டுக்குத் திரும்பி அலமாரியின் முன்னால் நின்றார். பதினொரு சோப்புக்கட்டிகள் அவரைத் திரும்பிப் பார்த்தன.

"அவாத்துக் காப்பி எப்படி இருந்துது?" என்று பாகீரதி கேட்டாள்.

"ஒரே சிக்கரி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் உடம்பு தேறவில்லை. கட்டி முடிக்க நேரமில்லாமல் ஒருவன் பெட்டியை வைத்திருந்தால் பரிதாபப்படலாம். கட்டவே மாட்டேன் என்று வைத்திருக்கிறவனை என்ன செய்வது? செய்தித்தாள் இரவல் வாங்கப் போய், திருப்பிக் கொடுக்கப் போய், தினம் இரண்டு தடவை அந்தப் பெட்டியைத் தரிசித்தார். போகும்போதெல்லாம் மூடி மூடியே இருந்தது. ரயிலில் பக்கத்தில் நிற்பவர்களிடம் மரத்தின் பெருமையைப் பற்றிப் பேசினார். வேதத்தில் பிளாஸ்டிக்குக்குப் பிரமாணம் இல்லை என்றுகூட ஒரு நாள் தாதர் தாண்டியதும் சொன்னார். கேட்டவர் குஜராத்தி. ஆமோதித்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கட்டடத்தில் பிளாஸ்டிக் வண்டியைக் கட்டி நிறுத்திய ஒரே மனிதர் என்ற பெயர். பட்டம், பணம், பிள்ளை, வீடு என்று ஊரெல்லாம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த சமயத்தில் இவ்வளவு சிறிய ஆசையைப் பகவான் ஏன் இழுத்தடிக்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை.

ஆவணி மாசத்தில் தாராவியிலிருந்து செய்தி வந்தது. அங்கே தோல் மண்டிகளுக்குப் பின்னால் கரீம் பாட்சா என்ற திருநெல்வேலிக்காரர், யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து ஒரு கோடௌனில் குவித்து வைத்திருந்தார். கூடாரத் துணி, தண்ணீர்க் குப்பி, ஒற்றை ஒற்றையாகப் பூட்ஸ். சோல்ஜர்கள் பொழுதுபோக்க வைத்திருந்த சீட்டுக்கட்டு, சதுரங்கம், "என்னமோ ஒட்டுற பெட்டி" என்று ஒரு டிரங்கு நிறைய இருப்பதாக ஆபீஸ் பியூன் சொன்னான். ஜகந்நாதன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். போய், சாஸ்திரப்படி, பூட்ஸ் பிரஷ் கேட்டார்.

முதல் வாரம் பிரஷ்ஷோடு திரும்பினார். இரண்டாம் வாரமும் பிரஷ்ஷோடு திரும்பினார். டிரங்கு எங்கே இருக்கிறது என்று இரண்டு தடவையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் வாரம் அவர் வாயைத் திறக்குமுன் கரீம் பாட்சா ஒரு காலிப் பீப்பாயைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"ஐயரே, மூணு வாரமா பூட்ஸ் பிரஷ் கேக்கீய. ஒங்க கால்ல கெடக்கது செருப்பு. நான் ஒண்ணும் கேக்கல. ஆனா இன்னிக்கும் பிரஷ்னு சொன்னீயள்னா எனக்கு ராத்திரி சோறு எறங்காது. என்ன வேணும், சொல்லுங்க."

ஜகந்நாதன் கூரையைப் பார்த்தார். "வண்டிப் பெட்டி ஏதோ இருக்குன்னு சொன்னா. நேக்கு அவசியம்னு இல்லை. சும்மா பாக்கலாம்னு."

"சும்மா பாக்கதுக்கா மூக்க கட்டிக்கிட்டு மாதுங்காலேருந்து நடந்து வந்தீய?" கரீம் பாட்சா சாக்குக்கு அடியில் கையை விட்டு ஒரு பெட்டியை இழுத்தார். மூடி பாதி கிழிந்திருந்தது. மிச்சத்தில் ஒரு ஜீப் இருந்தது. "இது ஒண்ணுதான் மிச்சம். உள்ள என்ன கெடக்கு, என்ன இல்லன்னு நான் பாக்கல. அந்த வெள்ளக்காரப் பயலுவ எத எங்க போட்டானுவளோ. எடுத்துக்கிட்டுப் போங்க. பொறகு சண்டைக்கு வரப்படாது."

பச்சை நிறம். பிளாஸ்டிக். ஜகந்நாதன் பேரம் பேச மறந்துபோனது அதுதான் முதல் தடவை. பழக்க தோஷத்தால் ஒரு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணினார். படத்தில் ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரம். பெட்டியில் மூன்று.

மனம் தளர்கிறவர் அல்லர். ஸ்டெப்னி இல்லாததை யாரும் கேட்கப் போவதில்லை. நாலாவது சக்கரத்தை மரத்தில் செதுக்கிக் கறுப்பு வார்னிஷ் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. பாகீரதி கொலு வைப்பாள். அடுக்குக்குக் கீழே மணல் பரப்பி, பார்க் கட்டி, கடுகு முளைக்க வைப்பாள். அந்தப் பார்க்கின் நடுவே, மணல் ரோட்டில், இந்தியாவிலேயே முதல்முதலாக என்று அவர் திடமாக நம்பிய பிளாஸ்டிக் ஜீப் நிற்கும். கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். எதிர் வீட்டு விஜயலக்ஷ்மியும் வருவாள். பார்த்துவிட்டுப் போய்த் தன் புருஷனிடம் சொல்வாள்.

சொன்னாள். கொலு வைக்கும் முன்பே சொல்லிவிட்டாள். பசையின் வாசனை அப்படியே பழுத்த வாழைப்பழம். இரண்டாவது மாடி முழுவதும் மணத்தது. பழம் எங்கே என்று கேட்டு வந்தவளிடம் பாகீரதி உண்மையைச் சொல்லிவிட்டாள். நவராத்திரி மூன்றாம் நாள் எதிர் வீட்டிலிருந்தும் வாழைப்பழ வாசனை வந்தது. ஜகந்நாதன் செய்தித்தாள் இரவல் வாங்க ஓடினார். ரேடியோவின் மேல் பெட்டி இல்லை.

"கொலுவுக்காகத்தான் ஓய்" என்றார் அனந்தகிருஷ்ணன். விரலில் சிவப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. "விஜயம் ஆசைப்பட்டாள். நவமிக்குள்ளே முடிச்சுடுவேன்."

ஜகந்நாதனுக்கு ஒரு சக்கரம்தான் பாக்கி. செதுக்க ஒரு மாலை போதும். ஆபீஸில் கணக்கெடுப்பு வந்து நான்கு நாள் தாமதமாக்கியது. அஷ்டமியன்று பிற்பகல் லீவு போட்டுவிட்டு, படி ஏறும்போதே கோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேஜை டிராயரைத் திறந்தார். கத்தி இல்லை. அரம் இல்லை. உப்புக்காகிதம்கூட இல்லை.

எல்லாம் பூஜையில் இருந்தன. சரஸ்வதி படத்துக்கு முன்னால், பட்டுத் துணி விரித்து, ராமாயணம், சமையல் கணக்கு நோட்டு, அரிவாள்மணை ஆகியவற்றுக்கு நடுவே, சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு கத்தி சுகமாகப் படுத்திருந்தது.

"இன்னிக்கு அஷ்டமிதானே? நாளைக்கன்னா சரஸ்வதி பூஜை?"

"நாளைக்கு வெக்கறது தஞ்சாவூர்க்காரா. நம்ம பாலக்காட்டிலே அஷ்டமி சாயங்காலமே வெச்சாகணும். புதுசா கேக்கறேளே."

"ஒரு மணி நேரம், பாகீ. எடுத்துட்டு அப்படியே வெச்சுடறேன்."

"வெச்சது வெச்சதுதான். தசமி கார்த்தாலேதான் எடுக்கணும். நடுவிலே தொட்டா வித்தை வராது."

"நாப்பத்து மூணு வயசிலே நேக்கு இனிமேல் என்ன வித்தை வரணும்?"

"இனிமேலாவது வரட்டும்னுதான் சொல்றேன்."

நடையைத் தாண்டி எதிர் வீட்டிலிருந்து அரம் தேய்க்கும் ஓசை வந்தது. கும்பகோணத்துக்காரர் சாவகாசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாளைக் காலை வரை நேரம் இருந்தது. ஜகந்நாதன் தம் வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பார்த்து எதெதற்கோ பொறாமைப்பட்டிருக்கிறார். ஒருவன் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்ததற்காகப் பொறாமைப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை, நவமியன்று, கட்டடத்து வாசலில் கூட்டம். கீழ் வீட்டு டாக்டரின் காருக்கு டிரைவர் சுயம்பு ஆயுத பூஜை போட்டுக்கொண்டிருந்தார். மாலை, பொட்டு, சூடம். பிறகு நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வோர் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து, வண்டியை ஒரு கெஜம் முன்னால் நகர்த்தினார். நாலு பழமும் நசுங்கின. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜகந்நாதன் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரத்துக்குள் அவர் மார்க்கெட்டில் இருந்தார். சட்டைப்பையிலிருந்து ஜீப்பின் சக்கரம் ஒன்றை எடுத்து, கூடையில் இருந்த எலுமிச்சம்பிஞ்சுகளோடு ஒவ்வொன்றாக ஒட்டி வைத்து அளந்தார். கூடைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"க்யா சேட், லிம்புக்குக் கல்யாணமா? ஜோடி பாக்கறே?"

நாற்பத்தொன்றாவது பிஞ்சு பொருந்தியது.

மாலை ஐந்து மணிக்குக் கொலுவுக்குப் பெண்கள் வந்தார்கள். மணல் ரோட்டில் பச்சை ஜீப் நின்றது. மூன்று மூலையில் சக்கரம். நாலாவது மூலையில், சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலேயே, குங்குமம் வைத்த எலுமிச்சம்பிஞ்சு. அதன் முன்னால் ஒரு செம்பருத்திப் பூ, மேற்கொண்டு யாரும் குனிந்து பார்த்துவிடாதபடி.

"பாருங்கோடி, பொம்மை வண்டிக்குக்கூட ஆயுத பூஜை போட்டிருக்கார்" என்று ஒரு மாமி உருகினாள். "ஆம்பிளைகளுக்கு இந்தக் காலத்திலே இவ்வளவு பக்தி எங்கே இருக்கு?"

ஜகந்நாதன் தூணோடு தூணாக நின்று அடக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது விஜயலக்ஷ்மி சுண்டலைக்கூட வாங்காமல் எதிர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவர் பின்னாலேயே போனார். எதிர் வீட்டுக் கொலுவில் மூன்றாம் படியில் சிவப்புப் பந்தயக் கார் முழுசாக நின்றது. நாலு சக்கரம், ஸ்டியரிங், மூக்கோடு டிரைவர். பொறாமையிலும் நிஜத்தைச் சொல்ல வேண்டும்: லட்சணமாக இருந்தது.

"அவாத்து ஜீப்புக்கு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கா. நாம வெக்கலையே" என்றாள் விஜயலக்ஷ்மி.

"அதுக்கென்ன, வெச்சாப் போச்சு." அனந்தகிருஷ்ணன் சமையலறையிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்தார். நல்ல பெரிய பழம். முன்சக்கரத்துக்கு அடியில் திணித்தார். கார் பின்காலில் நிற்கும் குதிரையைப் போல நிமிர்ந்தது. "சும்மா வெச்சாப் போறாது. நசுங்கணுமே. ஏன் ஓய், சுயம்பு அப்படித்தானே பண்ணினான்?"

அந்த இடத்தில் ஜகந்நாதன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பசை ஒரு ராத்திரிகூடக் காயவில்லை என்பது அவருக்குத் தெரியும். அச்சு, துடைப்பக்குச்சி கனம் என்பதும் தெரியும். தம் ஜீப்பின் கீழே இருப்பது பக்தி இல்லை, முட்டு என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வார்த்தை தொண்டை வரை வந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்தார்.

"அப்படித்தான் பண்ணினான்" என்றார்.

அனந்தகிருஷ்ணன் காரை அமுக்கி முன்னால் தள்ளினார். பழம் நசுங்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். முன் அச்சு இரண்டாக ஒடிய, ஒரு சக்கரம் படிப்படியாக இறங்கி, செட்டியார் பொம்மையின் கடையில் போய் விழுந்தது. டிரைவர் குப்புறக் கிடந்தார். விஜயலக்ஷ்மியின் கண்ணில் நீர் முட்டியது. "அபசகுனமெல்லாம் ஒண்ணுமில்லை" என்று ஜகந்நாதன் பெரிய மனசோடு சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

தசமியன்று காலை புனர்பூஜை முடிந்து கத்தி கைக்கு வந்தது. விஜயதசமியில் தொடங்கிய காரியம் விருத்தியாகும் என்பார்கள். நாலாவது சக்கரத்துக்கான கட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு தட்டப்பட்டது. அனந்தகிருஷ்ணன் ஒரு தாம்பாளத்தில் காரின் துண்டுகளை ஏந்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் வெற்றிலை பாக்கு.

"இந்தக் கட்டடத்திலே கையிருக்கிறவர் நீர் ஒருத்தர்தான் ஓய். நான் ஒட்டினதெல்லாம் கோணலாத்தான் ஒட்டினேன். நல்ல நாள். மாட்டேன்னு சொல்லிடாதேயும்."

தொண்டையில் நேற்று நின்றுபோன வார்த்தை அங்கேயேதான் இருந்தது. அதன் மேல் மாட்டேன் என்ற வார்த்தை ஏற இடமில்லை. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

கொஞ்சம் கோணலாக ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. கை ஒத்துழைக்கவில்லை. பதினாறு வண்டி செதுக்கிய கை, எசமானின் விரோதத்தை மதிக்கவில்லை. தென்னை ஈர்க்கை இழைத்து அச்சாக்கியது. அனந்தகிருஷ்ணன் விட்டிருந்த பிசிறையெல்லாம் தேய்த்து எடுத்தது. கேட்காமலே டிரைவரின் மீசைக்குக் கறுப்புத் தீட்டியது. பத்து நாளில் கார், பெட்டியின் மேலிருந்த படத்தைவிட நன்றாக ஆகிவிட்டது. ஜகந்நாதன் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாசற்படியில் ஒரு நிமிஷம் தாமதித்ததாகப் பாகீரதி சொல்கிறாள்.

இப்போது அது எதிர் வீட்டு ரேடியோவின் மேல் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "அடடா, யார் பண்ணினது?" என்கிறார்கள். "ஆத்திலேயே பண்ணினதுதான்" என்கிறார் அனந்தகிருஷ்ணன். பொய் இல்லை. எந்த ஆத்தில் என்று யாரும் கேட்பதில்லை. மூலையில் நாற்காலியில் சிக்கரிக் காப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஜகந்நாதனுக்கு, தம் கைவேலையைப் பார்த்துத் தாமே பொறாமைப்படும் பாக்கியம் வாரத்துக்கு இரண்டு தடவை கிடைக்கிறது.

ஜீப்புக்கு நாலாவது சக்கரம் செதுக்கப்படவே இல்லை. அந்தக் கட்டையிலிருந்து மனம் விட்டுப்போயிற்று. அலமாரிக்குள் ஏறிய ஜீப் எலுமிச்சம்பிஞ்சோடேயே ஏறியது. நாளாக ஆகப் பிஞ்சு சுருங்கி, இறுகி, வரிவரியாகக் கறுத்து, அசல் ராணுவ டயர் மாதிரி ஆகிவிட்டது. தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனந்தகிருஷ்ணன் செய்தித்தாளைத் திருப்பி வாங்க வந்தவர், கண்ணாடிக்கு எதிரில் குனிந்தவர், நிமிரவே இல்லை.

"ஏன் ஓய், அந்த நாலாவது சக்கரம் மட்டும் என்னமாய் இருக்கு. ரப்பரா? அச்சு அசல் டயர். மச்சினனை லண்டன் பூராத் தேடச் சொல்லிப் பாத்துட்டேன், இந்த மாதிரி அவனுக்கு அகப்படலை. எங்கே கிடைச்சுது உமக்கு?"

ஜகந்நாதன் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த குறி அவருக்கு மிகவும் பழக்கமானது. தினமும் சவரம் செய்துகொள்ளும்போது பார்த்ததுதான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு உடம்பு தேறியது.

"தாராவியிலே கரீம் பாட்சான்னு ஒருத்தர்" என்றார். "ஆனா நேராப் போய்ச் சக்கரம்னு கேட்டுடாதேங்கோ. விலையை ஏத்திடுவார். முதல்லே பூட்ஸ் பிரஷ் வேணும்னு கேளுங்கோ. ஒரு மூணு வாரம் கேக்கணும்."